கையுறையும் புலப்படமும்

சென்ற பருவத்தில் பெண்ணெழுத்து வகுப்பில் ஒரு படத்தைத் திரையில் காட்டினேன். தோலால் செய்த பெண் கையுறை ஒன்று. அதன்மேல் லண்டன் நகரின் வரைபடம் அச்சிடப்பட்டிருக்கிறது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சிக்கு வரும் சீமாட்டிகள் வழி தவறாமல் போய்ச் சேர ஜார்ஜ் ஷோவ் என்பவர் வடிவமைத்தது. இன்று அது பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

"ஐயோ, செம க்யூட் மேடம்" என்றது முன்வரிசை. கடைசி வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்தாள். "வீட்டுக்காரரு கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே கூட்டிட்டு வருவாரு? அப்புறம் மேப்பை எப்படிப் பார்ப்பா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகும் கேள்வி அடங்கவில்லை. இந்தக் கட்டுரையே அவளுக்கான பதில்தான்.

உலகக் கண்காட்சிகளின் நினைவுப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் அந்தக் கையுறையை ஓர் அழகிய விநோதம் என்பார்கள். எனக்கு அது ஓர் ஆவணம். பெண் கைக்கு எந்த வரைபடம் கொடுக்கப்படுகிறது, எது கொடுக்கப்படுவதில்லை என்பதற்கான ஆவணம்.

அந்தக் கையுறை ஒரு பெண்ணை எங்கே கூட்டிப்போனது? கண்ணாடி மாளிகைக்கு. மே 1 முதல் அக்டோபர் 15 வரை நடந்த அந்தக் கண்காட்சிக்கு 60 லட்சத்துக்கும் அதிகமான வருகைகள். உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி தன் சேகரிப்பைப் பரப்பி வைத்திருந்தது. அம்பாரியோடு பாடம் செய்த யானை, நகைகள், துணிகள். கூட்டம் முண்டியடித்தது கோகினூர் வைரத்தைப் பார்க்கத்தான். அதை ஒரு கூண்டுக்குள் வைத்திருந்தார்கள்.

அந்த வைரம் எப்படி அங்கே போனது? 1849இல் பஞ்சாபைக் கம்பெனி விழுங்கியபோது, பத்து வயதுச் சிறுவன் மகாராஜா துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டது. கையெழுத்துப் போடும்போது அவன் பக்கத்தில் அம்மா இல்லை. மகனுக்காக ஆட்சி நடத்திய ராணி ஜிந்தன் கவுரை 1847இலேயே பிரித்துச் சிறைவைத்துவிட்டார்கள். ஒரு குழந்தையிடம் எழுதி வாங்க வேண்டுமானால் முதலில் அதன் தாயை அப்புறப்படுத்த வேண்டும். கம்பெனிக்கு இது தெரிந்திருந்தது.

1849 ஏப்ரலில் ஜிந்தன் கவுர் சுனார் கோட்டையிலிருந்து வேலைக்காரி வேடத்தில் தப்பினார். நேபாளம் வரை போய்ச் சேர்ந்தார். அவர் கையில் எந்தக் கையுறையும் இல்லை, யாரும் வழி அச்சிட்டுக் கொடுக்கவில்லை. 1851இல் லண்டன் சீமாட்டி தன் உள்ளங்கையைப் பார்த்து வழி கண்டுபிடித்து அந்த வைரத்தின் முன் நின்றபோது, அதன் சொந்தக்காரனைப் பெற்றவள் காத்மாண்டுவில் அகதி. மகனை அவர் மறுபடி கண்டது 1861இல் கல்கத்தாவில்தான். அப்போது அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போயிருந்தது.

இதைச் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் என்னைத் தடுத்தார். "நீங்க எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கறீங்க மேடம். அந்தக் காலத்துல ஒரு பொம்பளை ஆம்பளைகிட்ட வழி கேட்காம நடக்கறதே முற்போக்குதானே?"

அவர் சொல்வதில் பாதி உண்மை. யாரிடமும் வழி கேட்காமல் ஊருக்குள் நடப்பது சின்ன விஷயம் அல்ல. தர்மபுரி பேருந்து நிலையத்தில் இருட்டிய பிறகு தனியாக நின்ற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை. போகும் வழி அவள் கையில் இருந்தது. போக வேண்டிய இடத்தை வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

35 வருடம் கழித்து, 1886இல் லண்டனில் காலனிகளுக்கும் இந்தியாவுக்குமான கண்காட்சி நடந்தது. அந்த ஜூலையில் 'தி கிராஃபிக்' வார இதழ் வால்டர் கிரேன் வரைந்த உலக வரைபடம் ஒன்றை இணைப்பாகக் கொடுத்தது. பேரரசின் நிலமெல்லாம் இளஞ்சிவப்பு. கீழே நடுவில் உலக உருண்டையின்மேல் பிரிட்டானியா உட்கார்ந்திருக்கிறாள். ஓரங்களில் காலனி நாட்டுப் பெண்கள், ஆண்கள், விலங்குகள். பேரரசுக்கு முகம் வேண்டும் என்றால் பெண். அதன் ஓரத்துக்கு அலங்காரம் வேண்டும் என்றாலும் பெண். நிலத்தை அளக்கும் சங்கிலியைப் பிடிக்க மட்டும் பெண் கை தேவைப்படவில்லை.

அந்தச் சங்கிலி எங்கள் மாவட்டத்துக்கு 1851க்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைக் கம்பெனி வாங்கியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்தார்கள், ரயத்துகளுக்குத் தீர்வை போட்டார்கள். பின்னால் மதராஸ் மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறைக்கு வித்து விழுந்தது இந்த மண்ணில்தான். களை எடுத்தவளும் நாற்று நட்டவளும் கேழ்வரகு அறுத்தவளும் வயலில் இருந்தார்கள். பட்டா ஆண் பெயரில் போனது.

இரண்டு வகை வரைபடங்கள் உண்டு என்று என் மாணவிகளுக்குச் சொல்கிறேன். ஒன்று வேடிக்கை பார்க்கப் போவதற்கு. இன்னொன்று உரிமை கொண்டாடுவதற்கு. முதலாவதை நமக்குத் தாராளமாகத் தருவார்கள், அழகாக அச்சடித்து, தோலில், பட்டில், இன்றைக்குக் கைப்பேசியில். ஒருத்தி சொன்னாள்: "மேப்பு என் போன்லதான் இருக்கு மேடம். லைவ் லொக்கேஷன் பாக்கறது எங்கண்ணன்." பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். அண்ணன் எங்கே இருக்கிறான் என்று அவள் போனுக்கு யாரும் அனுப்புவதில்லை.

இரண்டாவது வகைக்கு என் அம்மாவின் கதையே போதும். தாத்தா இறந்த பிறகு, பாப்பாரப்பட்டிப் பக்கம் இருந்த அவர் சுய சம்பாத்திய நிலத்தில் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. மாமாக்கள் ஒரு நாள் புடவையும் பழத்தட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். யாரை எதிலிருந்து விடுதலை செய்தார்கள்?

அந்த நிலத்தில் எந்த வரப்பு எங்கே வளையும், கிணற்றுப் படி எத்தனை, புளியமரத்தின் எந்தக் கிளை பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சொந்தம் என்று அம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதன் புலப்படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "பொறந்த வீடு வேணுமில்ல கண்ணு" என்றார் நான் கேட்டபோது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடும் என்ற பயத்தைத்தான் நாம் பாசம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கவிதை எழுதும் நானும் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989இல் தமிழ்நாடு பூர்விகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்து அந்த விலக்கையும் நீக்கியது. சட்டம் மாறியும் பழத்தட்டு மாறவில்லை.

அதனால் அந்தப் பருவத்தில் நான் கொடுத்த ஒப்படைப்பு ஒரு கவிதை நூல் மதிப்புரை அல்ல. வீட்டுக்குப் போங்கள். நிலம் இருந்தால் சர்வே எண்ணைக் கேளுங்கள். சிட்டாவையும் புலப்படத்தையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். யார் பெயர் இருக்கிறது என்று எழுதி வாருங்கள். நிலம் இல்லாத வீடு என்றால், குடியிருக்கும் மனைக்குப் பட்டா இருக்கிறதா, யார் பெயரில் என்று கேளுங்கள்.

பலர் வெறுங்கையோடு வந்தார்கள். "சர்வே நம்பர் உனக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்களாம். அந்தக் கேள்வியையே விடையாக எழுதச் சொன்னேன். கையுறையைப் பற்றிக் கேட்ட கடைசி வரிசைக்காரி மட்டும் புலப்படத்தின் நகலை எடுத்து வந்திருந்தாள். மேசைமேல் விரித்து, அம்மா தினமும் மாடு ஓட்டிப்போகும் வழியைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள். "வழி பூரா எங்கம்மாவுது மேடம். பேருதான் இல்ல" என்றாள்.

அந்த நகலை அவளிடமே கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள், உன் வீட்டுக்கும் ஒரு நாள் பழத்தட்டு வரும் என்றேன்.