ஏரியைத் தூர்வாராதவர்களின் கழுதைக் கல்யாணம்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியக் கால்பந்தணி 0-1 என்று தோற்றது. அவர்களிடம் 22 ஆண்டுகளுக்குப் பின் நமக்கு நேர்ந்த முதல் தோல்வி. அதற்கு ஒரு மாதம் முன்னர், அக்டோபர் 14 அன்று, கோவாவின் மட்காவில் முதல் கோலை நாமே அடித்துவிட்டு சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குள் நுழையும் வாய்ப்பையும் பறிகொடுத்திருந்தோம். அந்த நவம்பரில் வெளியான உலகத் தரவரிசையில் இந்தியாவின் இடம் 142. உடனே வழக்கமான குரல் எழுந்தது: பயிற்சியாளர் காலித் ஜமீலை நீக்கு. இலக்கியம் பேசுகிற நண்பர்களிடமிருந்தும் இதையே கேட்க நேர்ந்ததால்தான் இந்தக் கட்டுரை.

மழை பொய்த்தால் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மஞ்சள் பூசி, மாலையிட்டு, மேளத்துடன் ஊர்வலம் விடுவார்கள். அந்தச் சடங்கை நான் கேலி செய்யமாட்டேன். வானத்தின்மீது அதிகாரமற்ற எளியவர்களின் இறைஞ்சல் அது. ஆனால் ஏரியைத் தூர்வாரவும் வாய்க்காலைச் செப்பனிடவும் பொறுப்பும் பணமும் உள்ளவர்கள், அவை எதையும் செய்யாமல் கழுதையைத் தேடிக்கொண்டு புறப்பட்டால் அதற்குப் பெயர் வேறு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் பயிற்சியாளர்களை நீக்குவது இந்த இரண்டாம் வகைக் கல்யாணம். நாம் மேளக்காரர்களாக இருந்து வருகிறோம்.

2011 முதல் எண்ணிப் பாருங்கள். பாப் ஹூட்டன் போனார். அர்மாண்டோ கொலாசோ, சாவியோ மெடெய்ரா, விம் கூவர்மன்ஸ் என்று வரிசையாக வந்துபோனார்கள். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015இல் இரண்டாம் முறையாக வந்து, 173ஆம் இடம் வரை சரிந்த அணியை 2017இல் 96 வரை ஏற்றிவிட்டு, 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பஹ்ரைனிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் தோற்றதும் அன்றிரவே விலகினார். பின்பு குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச். 2023இல் தெற்காசியக் கோப்பையை வென்றதும் அவரைக் கொண்டாடிய சம்மேளனம், அந்த அக்டோபரில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. எட்டே மாதத்தில், 2024 ஜூன் 17 அன்று, அவரை நீக்கியது. பேசி முடித்த இழப்பீடு 4 லட்சம் டாலர், நம் கணக்கில் மூன்று கோடிக்கும் மேல்.

ஸ்டிமாச்சுக்காக நான் வாதாட வரவில்லை. 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காத அணி அவருடையது. மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தோஹாவில் கத்தார் அடித்த முதல் கோலின்போது பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்வந்தது உண்மைதான், ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர்ந்ததற்கு நடுவர் காரணமல்லர். 2022இல் ஆட்டக்காரர் தேர்வுக்கு ஒரு சோதிடரைக் கலந்தாலோசித்தார்கள் என்ற செய்தியை மறுவருடம் ஆங்கில நாளேடு ஒன்று வெளியிட்டது நினைவிருக்கலாம். அந்தச் சோதிடரைப் பயிற்சியாளருக்கு அறிமுகம் செய்தவர் அன்றைய சம்மேளன நிர்வாகி என்றும் அதே செய்தியில் இருந்தது. பயிற்சியாளர் போய்விட்டார். அப்படியோர் அறிமுகம் இயல்பாக நிகழக்கூடிய அலுவலகம் அங்கேயே இருக்கிறது.

ஸ்டிமாச்சுக்குப் பின் வந்த மனோலோ மார்க்கேஸ் ஒரே நேரத்தில் கோவா அணிக்கும் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். ஒரு நாட்டின் அணியைப் பகுதிநேர வேலையாகக் கொடுத்தார்கள். எட்டு ஆட்டம், ஒரு வெற்றி. 2024 ஜூனில் ஓய்வுபெற்றுவிட்ட சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், அவருடைய 40ஆம் வயதில், திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஜூலையில் மார்க்கேஸும் போனார்.

ஆகஸ்ட் 1 அன்று ஜமீல் அறிவிக்கப்பட்டார். சாவியோ மெடெய்ராவுக்குப் பின், 13 ஆண்டுகள் கழித்து, இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த பொறுப்பு. 2017இல் மிசோரமின் ஐசால் அணியைக் கொண்டு ஐ-லீக் பட்டத்தை வென்றவர். கல்கத்தா, கோவா, பெங்களூரின் பணத்துக்கு முன் அந்த மலைநகர அணி எம்மாத்திரம் என்று நினைத்திருந்தவர்கள் அந்த வருடம் வாயடைத்துப் போனார்கள். மேடைப்பேச்சு வராத, சொற்சிக்கனமான மனிதர். நம் தொலைக்காட்சிகளுக்கு இது பெருங்குறை.

அவர் கைக்கு என்ன வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். அவர் நியமிக்கப்பட்டபோது இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையே 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வருகிறது என்பது கையெழுத்தான நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். எனினும் அடுத்து என்ன என்பதற்கு எவரிடமும் விடை இருக்கவில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்குகிற லீக் 2026 பிப்ரவரி 14 அன்றுதான், சுருக்கப்பட்ட வடிவில், தொடங்கிற்று. ஆக, ஜமீலின் முதல் ஏழு சர்வதேச ஆட்டங்களை ஆடியவர்கள் அந்தப் பருவத்தில் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாத கால்கள். போதாததற்கு, தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசியக் கோப்பைக்கு மோகன் பகான் தன் ஆட்டக்காரர்களை விடவே மறுத்தது. அப்படிச் சேர்த்த அணியோடு போய், தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்று, ஓமனைப் பெனால்டிகளில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றுவந்தார். பத்து வாரம் கழித்து டாக்கா. இரண்டும் ஒரே மனிதரின் கணக்குதான். ஆனால் முதலாவதை அதிர்ஷ்டம் என்று தள்ளுகிறவர்கள், இரண்டாவதை மட்டும் திறமையின்மைக்குச் சான்று என்கிறார்கள்.

ஜமீல்மீது எனக்கும் புகார் உண்டு. மட்காவில் சாங்தே கோலடித்த பிறகு அணி பின்வாங்கிற்று. நடுக்களத்தை சிங்கப்பூரிடம் தாரைவார்த்துவிட்டு இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கோல் வாங்கிற்று. முதல் சந்திப்பில் சிவப்பு அட்டை பெற்ற ஜிங்கன் இல்லாததை ஒரு காரணமாகச் சொல்லலாம், முழுக் காரணமாக அல்ல. பந்தை வைத்துக்கொள்ளப் பயப்படுகிற அணி அவருடையது. இதையெல்லாம் அவரிடம் கேட்டே ஆகவேண்டும். கேட்பதற்கு அவர் அங்கே இருக்கவேண்டுமல்லவா? நீக்கப்பட்டவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார், அவருக்கு முந்தையவரின் தவறுகூடப் பாடமாகக் கிடைக்காது.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்றதும் எல்லோரும் சையத் அப்துல் ரஹீமின் பெயரைச் சொல்கிறார்கள். அவரைப் பற்றிய ‘மைதான்’ திரைப்படம் 2024 ஏப்ரலில் வந்தபோது அரங்கில் கண்கலங்காதவர் குறைவு. ஆனால் அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ரஹீமின் அணி யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. பத்து கோல். இன்றைய இணையப் பெருமக்கள் அவரை ஹைதராபாத் ரயிலைக்கூடப் பிடிக்க விட்டிருக்கமாட்டார்கள். இடையில் வேறு பயிற்சியாளர்களும் வந்துபோனார்கள் என்றாலும், 1956 மெல்போர்னுக்கு அணியை மீண்டும் ரஹீமிடமே ஒப்படைத்தார்கள், நாலாமிடம் கிடைத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அதே தென்கொரியாவை இறுதியாட்டத்தில் 2-1 என வென்று தங்கம். அடுத்த ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்தார்.

அந்த இறுதியாட்டத்தில் இந்திய வலையைக் காத்த பீட்டர் தங்கராஜை நீலகிரிக்காரர்கள் மறந்துவிட்டது எனக்கு வருத்தம். செகந்திராபாத்தில் முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கியவர். ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். அரவேணுவிலிருந்து கோத்தகிரி வழியாகக் குன்னூர்ப் பக்கம் போனால் வருகிற அதே வெலிங்டன் பாசறைதான். அந்த அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. கிழக்கு வங்காளம், மோகன் பகான், ஹைதராபாத் போலீஸ் ஆகியவர்களோடு மல்லுக்கு நின்று நம் மலையிலிருந்து போன அணி இரண்டு முறை வென்றிருக்கிறது. கோலடிக்க வந்தவனைக் கோல் காப்பவனாக்கி, ஆசியாவின் தலைசிறந்த காப்பாளனாகும்வரை பொறுத்திருந்த ஓர் அமைப்பு தங்கராஜுக்கு வாய்த்தது. தேசியப் பயிற்சியாளர் அதன்பிறகுதான் வருகிறார், ஆயத்தமான ஆட்டக்காரரைப் பெற்றுக்கொள்ள.

ரஹீமின் வெற்றியின் ரகசியமும் இதுதான் என்பது என் துணிபு. அவர் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியை 1943 முதல் சாகும்வரை வளர்த்தவர். அந்த அணி 1950 முதல் 54 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அம்முகுடாவிலிருந்து வந்து ஆட வசதியற்ற சிறுவன் பலராமுக்கு மிதிவண்டி வாடகைக்காகத் தன் கைக்காசைக் கொடுத்தார் என்பார்கள். தேசிய அணிக்கு அவர் அழைத்துப்போனவர்களில் பலர் அவரே வார்த்த ஆட்டக்காரர்கள். இன்றைய பயிற்சியாளருக்கு ஆண்டில் சில வாரங்களே ஆட்டக்காரர்கள் கைக்கு வருகிறார்கள். கோலடிக்கும் இடத்தில் பெரும்பாலான கிளப்புகள் வெளிநாட்டவரை நிறுத்திவிடுகின்றன. கிளப்பில் ஓரத்தில் ஓடுகிறவனை, ஒரு வாரத்துக்கு மட்டும் நடுமுனை ஆட்டக்காரனாக்கு என்று ஜமீலிடம் கேட்கிறோம்.

எங்கள் பக்கம் சமதரை என்பதே அரிய பொருள். அரவேணுவைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் பையன்கள் ஆடுகிற இடங்களில் ஒரு கோல் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும். பலமாக உதைத்த பந்து தேயிலைக்குள் போனால் பனிமூட்டத்தில் தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும். அந்த மூச்சும் அந்தக் கால்களும் வேறு நாட்டில் செல்வமாகக் கருதப்படும். இங்கிருந்து ஒரு பையன் முறையான பயிற்சிக்குப் போகவேண்டுமானால் மலையிறங்கிக் கோவைக்கோ சென்னைக்கோ போகவேண்டும். ஜமீலை நீக்கினால் இந்த மேடு சமமாகிவிடுமா? ஸ்டிமாச்சை நீக்கிய மூன்று கோடியில் இந்த மலையில் எத்தனை மேடுகளைச் சமப்படுத்தியிருக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

எதிர்வாதம் ஒன்றைக் கேட்கிறேன். நாம் டாக்காவில் தோற்ற அதே தேதியில், ஒன்றரை லட்சம் பேரே வாழும் கரீபியத் தீவு குரசாவ், கிங்ஸ்டனில் ஜமைக்காவுடன் சமன்செய்து 2026 உலகக் கோப்பைக்குத் தேர்வாகிவிட்டது. அனுபவசாலியான வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரால் விளைந்த அற்புதம் என்கிறார்கள். டிக் அட்வோகாட் பெரிய மனிதர்தான். ஆனால் அந்த அணி ஏறத்தாழ முழுவதும் நெதர்லாந்தில் பிறந்து, நெதர்லாந்தின் பயிற்சிப் பள்ளிகளில் வளர்ந்தது. இதைவிடப் பொருத்தமான உதாரணம் கேப் வெர்டே: மக்கள்தொகை சுமார் 5 லட்சம், 2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம் பேருள்ள நீலகிரி மாவட்டத்தைவிடச் சிறிய நாடு. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் அங்கும் உண்டு. ஆனால் பயிற்சியாளர் புபிஸ்டா உள்ளூர்க்காரர், 2020 முதல் பொறுப்பில் இருப்பவர். 2023 ஆப்பிரிக்கக் கோப்பையில் கால் இறுதிவரை போன அணியுடன் 2025 கோப்பைக்குத் தகுதிபெறவே தவறினார். அவர்கள் அவரை அனுப்பிவிடவில்லை. அந்த 2025 அக்டோபரிலேயே உலகக் கோப்பைக்குத் தேர்வானார்கள்.

உருகுவேயின் ஆஸ்கர் தபாரெஸும் ரஹீமைப்போலப் பள்ளியாசிரியராக இருந்தவர். 2006 உலகக் கோப்பைக்கே தேர்வாகாத அணியை ஏற்று, சிறுவர் அணிகள் முதல் முதுநிலை அணிவரை ஒரே திட்டத்தின்கீழ் கொண்டுவந்தார். 2010இல் அரையிறுதி, 2011இல் கோபா அமெரிக்கா. பதினைந்து ஆண்டுகள் இருந்தார். அவரையும் 2021இல் நீக்கத்தான் செய்தார்கள், ஆனால் அதற்குள் அவருடைய வேலை பத்துப்பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் கால்களில் இறங்கிவிட்டிருந்தது.

நம் சம்மேளனமும் திட்டம் வைத்திருக்கிறது. ‘விஷன் 2047’ என்று 2023 ஜனவரியில் ஆரவாரமாக வெளியிட்டார்கள். 2047க்குள் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாவோமாம். 24 ஆண்டுத் திட்டம் வகுத்தவர்கள், முதல் மூன்றாண்டு முடிவதற்குள் மூன்றாவது பயிற்சியாளரிடம் வந்து நிற்கிறார்கள். சிற்றிதழ் நின்றுபோனால் ஆசிரியரை ஏசுகிற, ஆனால் ஒருபோதும் சந்தா கட்டியிராத வாசகர்கள் நமக்குப் பழக்கமானவர்கள்தாமே. அந்த வாசகராவது அச்சகத்தை நடத்துவதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே ஜமீல் இருக்கட்டும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை. ஆசியக் கோப்பை கைவிட்டுப் போனபின் இழப்பதற்கு ஒன்றுமில்லாத இந்தக் காலம், இருபது வயதுக்காரர்களைத் துணிந்து இறக்கிப் பார்க்க அவருக்குக் கிடைத்த அவகாசம். அதை அவர் வீணாக்கினால் ஒப்பந்தம் முடிகிற அன்று போகட்டும், இழப்பீடு இல்லாமல். இதற்கிடையே கேட்கவேண்டிய கேள்விகள் ஜமீலின் அறையில் இல்லை. லீக்கை ஐந்து மாதம் முடக்கியது யாருடைய மெத்தனம்? கிளப்புகள் ஆட்டக்காரர்களை விடமறுத்தால் அதற்கு விதி என்ன? எட்டு மாதத்தில் கிழித்தெறியப்போகும் ஒப்பந்தத்தை 2023இல் நீட்டிக்கச் சொன்னவர் யார், அந்த 4 லட்சம் டாலருக்கு அவர் எங்கே பதில் சொன்னார்? 2022 செப்டம்பரில் தேர்தலில் வென்று தலைவரான கல்யாண் சௌபே ஒரு காலத்தில் கோல்காப்பாளராக நின்றவர். தோல்விக்குப் பிறகு காப்பாளரை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.