குட்டி நிலவில் ஒரு கண்ணாமூச்சி!



தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழைவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதனால் சட்டென்று திரும்ப முடியாது. டக் படகுகள் வந்து, தள்ளியும் இழுத்தும் திருப்பிவிட வேண்டும். பக்கத்தில் போகிற வள்ளமோ ஒரு நொடியில் திரும்பிவிடும்!

இதே விஷயத்தை விண்வெளிக்குக் கொண்டு போனவர் ஆர்தர் சி. கிளார்க். 1949இல் வெளியான 'ஹைட் அண்ட் சீக்' என்ற சிறுகதையில், ஓர் உளவாளி செவ்வாயின் குட்டி நிலவான போபோசில் தனியாக இறங்குகிறான். உடம்பில் விண்வெளி உடை மட்டும்தான். துரத்தி வருவதோ மிகப் பெரிய போர்க்கப்பல்! போபோசின் குறுக்களவு சுமார் 22 கிலோமீட்டர்தான். கப்பல் இந்தப் பக்கம் வந்தால் அவன் அந்தப் பக்கம். பனைமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி அண்ணனுக்குப் போக்குக் காட்டுவீர்களே, அதேதான்! அங்கே ஈர்ப்பு மிகக் குறைவு. ஒரு துள்ளு துள்ளினால் தரைக்கு வரப் பல நிமிடம் ஆகும்.

இங்கிலாந்தில் பிறந்த கிளார்க், 1956இல் இலங்கையில் குடியேறினார். 2008இல் கொழும்பில் இறந்தார். நம் கடலுக்கு அக்கரைதான்! கடலில் மூழ்குவது அவருக்கு உயிர். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பது எப்படி என்பதைத் தண்ணீருக்குள்தான் கொஞ்சமாவது உணரலாம் என்று நினைத்தார். இங்கே முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. சங்கு குளிக்கும் மாமா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அடியில் உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கிளார்க் பின்னாளில் பெரிய நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார். ஆனாலும் உங்கள் வயதுக்கு அந்த ஆரம்பகாலச் சிறுகதைகளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குக் கணக்குப் போட்டு ஒரு பதில். மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு 20 ஆண்டுகள் முன்பே எழுதியது, நினைவிருக்கட்டும்!

குறையும் உண்டு. கதையில் வருகிறவர்களின் பெயர் மனதில் நிற்பதில்லை. பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது, "சார், அந்த உளவாளி ஏன் பொண்ணா இருக்கக் கூடாது?" என்று ஒரு மாணவி கேட்டாள். "நீயே எழுதிக்கொண்டு வா" என்றேன். மறுநாளே நாலு பக்கம் கொண்டு வந்துவிட்டாள்!

இன்னொன்று தெரியுமா? 'தி சென்டினல்' என்ற கதையை 1948இல் பி.பி.சி. நடத்திய போட்டிக்காக எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. அதுதான் பிறகு வளர்ந்து, 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற திரைப்படமானது. இதைச் சொன்னதும், கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்காத பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, போபோசில் ஜெயித்தது யார்? நான் சொல்லமாட்டேன். ஆங்கிலம் கடினமாக இருந்தால் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.