சாமான் மாறினால் சத்தம் மாறுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு, கிட்டார் பற்றியது. "சேர், இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று கேட்க நினைப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

நம் முசலிப் பக்கத்தில் மின்கிட்டார் வைத்திருக்கும் பொடியன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டிருந்தார். கட்டாரில் வேலை செய்த மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த கிட்டார் அது. உள்ளே வெற்றிடம் இல்லாத, முழுப் பலகையில் செய்த வகை. தம்பி யூடியூபில் ஜாஸ் கேட்டுப் பழகிவிட்டார். அந்த உருண்டையான, மெதுவான சத்தம் தனக்கும் வேண்டும் என்கிறார். ஆனால் தன் கிட்டாரில் தகரத்தில் ஆணி கொட்டிய மாதிரித்தான் வருகிறதாம். யாரோ ஒருவர், "முழுப்பலகைக் கிட்டாரில் ஜாஸ் வராது, உள்ளே பொள்ளலான கிட்டார்தான் வாங்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். கடையொன்றில் தவணைக்குத் தருவார்களாம். வாப்பா இரண்டு மாட்டை விற்கலாமா என்று யோசிக்கிறாராம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டை விற்க வேண்டாம். வட்டித் தவணைக்குக் கையெழுத்தும் வைக்க வேண்டாம். தம்பி தேடுகிற சத்தத்தில் பெரும்பகுதி கையிலிருக்கும் கிட்டாரிலேயே இருக்கிறது. அதை மறைக்கிற சிலதை விலக்கினால் போதும்.

ஆங்கிலத்தில் அந்தச் சத்தத்தை "வார்ம்" என்பார்கள், அதாவது சூடு. குளிர்நாட்டுக்காரருக்குச் சூடு இதம். மன்னார் வெயிலில் நிற்கிற நமக்கு இதம் என்றால் குளிர்ச்சிதான். "செவி குளிரக் கேட்டேன்" என்று நம்மவர் சொல்வதும் அவர்கள் "வார்ம்" என்பதும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். கூர் மழுங்கியிருக்கும். அடிச்சத்தம் நிறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். கடற்காற்றில் துருப்பிடித்த கம்பியும் கூர் இல்லாமல்தான் கேட்கும், அதில் தெளிவு இருக்காது. அது மங்கிய சத்தம். நாம் தேடுவது அதை அல்ல.

"முழுப்பலகையில் ஜாஸ் வராது" என்பது சரியா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1936இல் கிப்சன் கம்பனி ஈ.எஸ்.-150 என்ற மின்கிட்டாரை வெளியிட்டது. உள்ளே பொள்ளலான கிட்டார். சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்து அதை வாசித்தார். 25 வயதில், 1942இல் இறந்துவிட்டார். அதற்குள் ஜாஸ் கிட்டார் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டார். அந்தக் கிட்டாரில் ஒரே ஒரு பிக்அப்தான், அதுவும் கழுத்துப் பக்கமாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளல் கிட்டாருக்கு ஒரு தொல்லை உண்டு. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் ஒலி கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து ஊளையிடும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கத்துமே, அதே சங்கதி. முழுப்பலகைக் கிட்டாரில் இது மிகவும் குறைவு. பெண்டர் கம்பனி 1950இல் அப்படியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது. நாட்டுப்புறப் பாட்டுக்காரருக்கு ஏற்ற, கூரான சத்தமுள்ள கிட்டார் என்றுதான் அதற்குப் பெயர். அதே டெலிகாஸ்டரை வைத்துக்கொண்டு கனடாக்காரர் எட் பிக்கர்ட் நீண்ட காலம் ஜாஸ் வாசித்தார். 1970களில் போல் டெஸ்மண்டின் சாக்சபோனுக்குப் பக்கத்தில் அவர் வாசித்த பதிவுகளைக் கண்ணை மூடிக் கேட்டால் பொள்ளல் கிட்டார் என்றே நினைப்பீர்கள். அவர் கழுத்துப் பக்கத்துப் பிக்அப்பை மட்டும் ஹம்பக்கராக மாற்றியிருந்தார். பலகை அதே பலகைதான்.

இதற்கு எதிர்மாறாகவும் ஒரு கதை இருக்கிறது. 1958இல் பெண்டர், ஜாஸ்காரருக்கென்றே ஜாஸ்மாஸ்டர் என்று ஒரு கிட்டாரை இறக்கியது. ஜாஸ்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கலிபோர்னியாக் கடற்கரைப் பொடியன்கள் அதை எடுத்து அலைச்சறுக்கு ரொக் இசைக்கு வாசித்தார்கள். பெயரிலேயே ஜாஸ் இருந்த சாமானுக்கு நடந்தது இது.

சரி, சத்தத்தை எப்படி எடுப்பது? செலவில்லாததிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாவது, பிக்அப். சுவிட்சைக் கழுத்துப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். உடுப்புக் காயப்போடும் கயிற்றை ஆட்டிப் பாருங்கள். நடுவில் அகலமாக ஆடும், கட்டிய முனைக்குக் கிட்ட ஆட்டமே தெரியாது. கம்பியும் அப்படித்தான். பிரிட்ஜுக்குக் கிட்ட இருக்கும் பிக்அப்புக்கு அடிச்சுரம் குறைவாகவும் கூரான மேற்சுரங்கள் அதிகமாகவும் கிடைக்கும். கழுத்துப் பக்கத்துப் பிக்அப்புக்கு அடிச்சுரம் நிறையக் கிடைக்கும்.

இரண்டாவது, நொப்புகள். நம் பிள்ளைகள் எல்லா நொப்பையும் பத்தில் வைத்துவிட்டு அதைத் தொடுவதே இல்லை. டோன் நொப்பைக் குறைத்தால் உயர்ந்த அதிர்வெண்கள் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாக நிலத்துக்குப் போய்விடும். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் வைத்துக் கேளுங்கள். பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் தலையணைக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். வொல்யூம் நொப்பை ஏழு, எட்டுக்கு இறக்கினால் பெரும்பாலான கிட்டார்களில் இன்னும் கொஞ்சம் கூர் குறையும்.

மூன்றாவது, கை. மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை வைத்துவிட்டுத் தடித்ததை எடுங்கள், அல்லது பெருவிரலால் மீட்டுங்கள். மீட்டும் இடத்தையும் கழுத்துப் பக்கமாக நகர்த்துங்கள். வெஸ் மொண்ட்கோமரி என்ற மேதை பிக்கே பிடிக்கவில்லை, பெருவிரல்தான். இரவில் பழகும்போது வீட்டாருக்கும் அயலாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் அப்படித் தொடங்கினார் என்பார்கள். நம் ஊரில் வாசிப்பவருக்கு இதில் இரண்டு நன்மை இருக்கிறது.

நான்காவது, ஒரே சுரத்தை எந்தக் கம்பியில் எடுக்கிறோம் என்பது. முதற்கம்பியை வெறுமனே தட்டினால் வரும் சுரம், இரண்டாம் கம்பியின் ஐந்தாம் கட்டத்திலும் மூன்றாம் கம்பியின் ஒன்பதாம் கட்டத்திலும் இருக்கிறது. தட்டிப் பாருங்கள். தடித்த கம்பியில் அதே சுரம் எவ்வளவு உருண்டு வருகிறது என்று தெரியும். முழுப்பலகையில் சுரம் நீண்ட நேரம் நிற்கும், பொள்ளலில் சீக்கிரம் அடங்கும். அந்த அடக்கமும் ஜாஸ் சத்தத்தின் ஒரு பகுதி. ஆகவே இடக்கை விரலைக் கொஞ்சம் தளர்த்திச் சுரத்தை நேரத்துக்கு நிறுத்தப் பழகுங்கள்.

ஐந்தாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது, ஸ்பீக்கர். பாங்கு சொல்லும் அதே மோதினாரின் குரலைப் பள்ளி மினாராவில் இருக்கும் ஹோர்னில் கேளுங்கள், பிறகு உள்ளே இருக்கும் பெட்டி ஸ்பீக்கரில் கேளுங்கள். ஒரே மனிதர், ஒரே மைக், ஆனால் இரண்டு குரல். ஹோர்ன் தூரத்துக்கு எட்டுவதற்காகச் செய்தது, சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. கிட்டாரின் ஆறாம் கம்பி 82 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் சுமார் 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே சத்தத்தை வெட்டிவிடும். கல்யாண வீட்டு சவுண்ட் செட்டிலோ கணினி ஸ்பீக்கரிலோ இருக்கும் சிறிய டுவீட்டர் அந்த வெட்டு இல்லாமல் எல்லாவற்றையும் கக்கும். தம்பி கேட்கிற ஆணிச் சத்தத்துக்கு முக்கியமான காரணம் இதுவாக இருக்கலாம். கிட்டார் அம்ப் இல்லாவிட்டால் மிக்சரில் ட்ரெபிளை நன்றாக இறக்கி, நடுப்பகுதியைச் சற்று ஏற்றி, பாஸை அளவோடு வையுங்கள். டிஸ்டோர்ஷன் பெடலைக் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை. இதற்குப் பிறகும் போதாவிட்டால் ஒரு செட் கம்பி வாங்கலாம். கடையில் வரும்போது இந்தக் கிட்டார்களில் பெரும்பாலும் 9 அல்லது 10 அளவு மெல்லிய கம்பிதான் இருக்கும். 11 அல்லது 12 அளவில், மூன்றாம் கம்பியும் சுற்றுக்கம்பியாக உள்ள செட் எடுங்கள். பிளாட்வவுண்ட் கிடைத்தால் மிக நல்லது. அதில் வட்டக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். விரல் உரசும் கீச்சுச் சத்தமும் குறையும், கூரும் குறையும். ஒரு எச்சரிக்கை: தடித்த கம்பி போட்டால் இழுவிசை கூடும், கழுத்து வளையும். உள்ளே இருக்கும் இரும்புக் கோலைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாசித்து முடிந்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள். நம் கடற்காற்றுக்கு அது கட்டாயம்.

இதெல்லாம் மேல்நாட்டு விசயம் என்று நினைப்பவர்களுக்கு, கர்நாடக சங்கீதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மண்டோலின் சிறீனிவாஸ் (1969–2014) கையில் வைத்திருந்தது முழுப்பலகை மின் மண்டோலின். சாதாரண மண்டோலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி, சத்தம் உடனே செத்துவிடும், கமகம் எடுக்க முடியாது. அவர் ஒற்றையாக ஐந்து கம்பியோடு மின் மண்டோலினில் வாசித்தார். இந்த வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் என்ன வேலை என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் இருந்தார்கள். சிறுவன் வாசித்ததைக் கேட்டபின் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. தனக்கு என்ன சத்தம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, சாமானை அதற்கு வளைத்துக்கொண்டார். நம் தம்பி செய்ய வேண்டியதும் அதுதான்.

இனி, "நமக்கு இது தேவையா" என்ற கேள்வி. நான் ஆலிம் அல்ல, பத்வா சொல்ல வரவில்லை. இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியவர். கேட்பதையே முற்றாகத் தடுப்பவர்களுக்கு அவர் பதில் சொல்கிறார். அதே அத்தியாயத்தில் நரம்பு வாத்தியங்களை விலக்கியும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விசயம் என்பதை மறைக்கவும் தேவையில்லை. வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாசிக்கிற பிள்ளையைக் கேலி செய்வதையும், கிட்டாரைப் பறித்து உடைப்பதையும், "இவன் கெட்டுப்போனவன்" என்று முத்திரை குத்துவதையும் ஏற்க முடியாது.

இசைக்காரன் என்றால் போதைக்காரன் என்று பயப்படும் பெற்றாருக்கு ஜோ பாஸ் என்ற கிட்டார்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் இளமையில் பல வருடங்களை ஹெரோயினில் தொலைத்தவர். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கிருந்தவர்களோடு சேர்ந்து 1962இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் வாசித்தது பொள்ளல் கிட்டார் அல்ல, மேலே சொன்ன ஜாஸ்மாஸ்டர், முழுப்பலகை. உலகம் அவரைக் கண்டுகொண்டது அதற்குப் பிறகுதான். நம் கரையோரத்தில் ஐஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மஃரிபுக்குப் பின் ஒரு பொடியன் வீட்டுக்குள் இருந்து மூன்று மணித்தியாலம் ஒரு சத்தத்தைத் தேடுகிறான் என்றால், அந்த மூன்று மணித்தியாலம் அவன் எங்கே இருக்கிறான் என்பது உம்மாவுக்குத் தெரியும்.

அரிப்புப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கோயில் பாடற்குழுவிலாவது கிட்டாரைத் தொட வாய்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைக்கு யூடியூப்தான் உஸ்தாத். அந்த உஸ்தாத் ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு சாமானை வாங்கச் சொல்கிறார். சத்தத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. விஞ்ஞானப் பாடத்தில் அதிர்வெண், வீச்சம், சுருதி என்று கரும்பலகையில் எழுதுகிறோம். ஒரு கிட்டாரையும் மேலே சொன்ன கயிற்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனால் அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும். பாடசாலைகள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கருத்து.

1990இல் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் நாம். இருப்பதை வைத்துச் செய்வது நமக்குப் புதிது அல்ல.

தம்பி, ஒரு மாதத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கழுத்துப் பிக்அப், டோன் நான்கு, பெருவிரல். அதான் நேரத்தில் நிறுத்துங்கள், இஷாவுக்குப் பிறகு சத்தத்தைக் குறையுங்கள். மாதம் முடிய ஒரு பதிவு அனுப்புங்கள், சேர்ந்து கேட்போம். வாப்பாவிடம் என் சலாத்தைச் சொல்லி, மாட்டைக் கயிற்றிலேயே விடச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். மரியாதையோடு எழுதினால் மரியாதையோடு பதில் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.