உங்கள் கார் யாருடைய நோட்டீஸ் போர்டு?

கார் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கீழே இறங்கிப் போய் காரின் பின்பக்கம் நின்று, அதில் இருக்கும் எழுத்துகளையெல்லாம் வாய்விட்டுப் படியுங்கள்.

கம்பெனி பெயர். மாடல் பெயர். அதற்குப் பக்கத்தில், நீங்கள் வாங்கியது மலிவு ரகமா, மேல் ரகமா என்று ஊருக்கே அறிவிக்கும் இரண்டு மூன்று எழுத்து. கீழே, கார் வாங்கிய ஷோரூமின் பெயர். கண்ணாடியில் ‘பிரஸ்’ அல்லது ‘வழக்கறிஞர்’. இன்னும் சில கார்களில் கட்சிக் கொடி, சாதித் தலைவர் படம், ‘ஆண்ட பரம்பரை’. (ஆண்ட பரம்பரைதான் மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.)

இதில் எதையெல்லாம் நீங்கள் கேட்டு ஒட்டினீர்கள்?

முதலில் ஷோரூம்காரரை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுச் சுவரில் அவர் விளம்பரம் எழுத வந்தால் வாடகை எவ்வளவு என்று கேட்பீர்கள். பேப்பரில் விளம்பரம் போட்டால் சென்டிமீட்டர் கணக்கில் பில் வரும். ஆனால், நீங்கள் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் முதுகில், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், பத்து வருஷத்துக்கு இலவசமாக விளம்பரம்! டெலிவரி அன்று மாலை போட்டு, சாக்லேட் கொடுத்து, போட்டோ எடுக்கிறார்களே, அதற்கு முன்னாலேயே அந்த எழுத்து ஒட்டியாகிவிட்டது. நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு சாவியை வாங்கி வருகிறோம்.

ஷோரூம் பெயரால் அடுத்தவருக்குக் கெடுதல் எதுவுமில்லை. நமக்குத்தான் கொஞ்சம் கேவலம், அவ்வளவுதான். கண்ணாடியில் இருக்கும் எழுத்து அப்படி இல்லை. அது ரோட்டில் போகிற மற்றவர்களைப் பார்த்துப் பேசுகிறது. ‘என்னை நிறுத்தாதே, என்னிடம் கேள்வி கேட்காதே, நான் யார் தெரியுமா?’ என்கிறது. அதன் முன்னால் டூ வீலரில் போகிற பையன் ஹார்ன் அடிக்கவும் யோசிக்கிறான். இடித்துவிட்டுப் போனால்கூட நியாயம் கேட்கத் தயங்குகிறான். சாதிப் பெயர் எழுதிய கார் ஒரு தெருவுக்குள் நுழையும்போது அங்கே இருப்பவர்களுக்கு அது சொல்லும் செய்தி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2017 மே 1 முதல், வி.ஐ.பி. கார்களின் தலையில் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்கை எடுக்கச் சொன்னது மத்திய அரசு. குடியரசுத் தலைவர், பிரதமர் கார்களுக்கும் விலக்கு இல்லை. நல்ல காரியம். ஆனால், விளக்கு வைத்துக்கொள்ள அப்போது பதவியாவது வேண்டியிருந்தது. ஸ்டிக்கருக்கு அதுவும் வேண்டாம். கடைக்குப் போய்ச் சில ரூபாய் கொடுத்தால் போதும், யார் வேண்டுமானாலும் ‘போலீஸ்’ ஆகலாம்.

அதனால்தான் 2024 மே 2 முதல், தனியார் வாகனங்களில் பிரஸ், போலீஸ், ராணுவம், தலைமைச் செயலகம் என்றெல்லாம் ஒட்டியிருந்தால் நடவடிக்கை என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. 2025 செப்டம்பரில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, வாகனங்களில் சாதிப் பெயர் எழுதக் கூடாது என்று உத்தரப்பிரதேச அரசு ஆணை போட்டது. சாதியை எதிர்த்து நூறு வருஷமாக மேடை போட்டுப் பேசும் தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு படிக்கலாம்.

“ராத்திரி அவசரமா ஓடற டாக்டர் என்ன சார் பண்ணுவார்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. டாக்டர் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறது. நிறுத்துகிற போலீஸ்காரர் அதில் போட்டோவைப் பார்த்து யாரென்று தெரிந்துகொள்ளலாம். ஸ்டிக்கரில் போட்டோ கிடையாது. டாக்டர் வீட்டில் தூங்க, பிள்ளை காரை எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனாலும் அது ‘டாக்டர்’ கார்தான். உயிர் காக்கும் அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் சைரனும் இருக்கின்றன.

காரைக்கால் மாவட்டம், நிரவி கொம்யூன், விழிதியூரில் என் மைத்துனர் இருக்கிறார். சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு பி.ஒய். 02 வண்டி வாங்கினார். டிக்கியில் ஷோரூம் பெயர். பின்கண்ணாடியில் பழைய ஓனர் ஒட்டிய பெரிய ஸ்டிக்கர். “அத்தான், எடுத்தா பெயிண்ட் உரிஞ்சிடும்கிறாங்க. அதுவுமில்லாம, அது இருந்தா வாஞ்சூர் செக்போஸ்ட்ல நிறுத்த மாட்டாங்கல்ல?” என்றார். “மாப்ளே, பாட்டில் கடத்தலையே நீங்க, அப்புறம் நிறுத்தினா என்ன?” என்றேன். ஆனால், பெயிண்ட் விஷயத்தில் அவர் பயப்பட்டது சரிதான்.

கார் பெயிண்ட் என்பது பிரைமர், கலர், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் போச்சு. அதிலும் கடலோர ஊரில், உப்புக்காற்றுக்குச் சின்னக் கீறல் கிடைத்தால் போதும், துரு குடியேறிவிடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மண் இருந்தால் அதுவே கீறும். பிறகு, முடி காயவைக்கும் டிரையரால், கை வைத்தால் பொறுக்கும் அளவுக்குச் சூடு காட்டுங்கள். எழுத்தைப் பிடித்திருப்பது இரண்டு பக்கமும் பசையுள்ள ஸ்பாஞ்ச் டேப்தான், சூட்டில் இளகும். அடுத்து, தூண்டில் நரம்பு. காரைக்காலில் அதற்கா பஞ்சம்! இரண்டு முழம் எடுத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு, எழுத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுத்தால் எழுத்து கையோடு வந்துவிடும்.

மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். போகாததற்கு நீலகிரித் தைலம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தடவிச் சோதித்துவிட்டு, துணியில் நனைத்துச் சில நிமிஷம் ஊறவைத்துத் துடையுங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள். எப்போதோ ரீபெயிண்ட் செய்த இடமானால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். கண்ணாடி ஸ்டிக்கரையும் சூடு காட்டித்தான் உரிக்க வேண்டும். பின்கண்ணாடியில் கோடு கோடாக டிஃபாகர் ஓடினால் பிளேடு போடக் கூடாது. பழைய அம்பாசிடர், ஃபியட் போன்ற வண்டிகளில் தகட்டில் ஓட்டை போட்டு எழுத்தைப் பொருத்தியிருப்பார்கள். கழற்றினால் ஓட்டைதான் மிஞ்சும், தண்ணீர் இறங்கும். அதை விட்டுவிடுங்கள்; அது விளம்பரமில்லை, சரித்திரம்.

எழுத்து போன பிறகும் அதன் நிழல் தெரியும். சுற்றிலும் வெயில் பட்டு மங்கியிருக்க, எழுத்துக்குக் கீழே மட்டும் பெயிண்ட் புதுசாக இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். பத்து வருஷம் ஒட்டியிருந்தது ஒரு நாளில் போய்விடாது.

ஒரே ஒரு எழுத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளில் அது உயர் பாதுகாப்புப் பலகையாகவே வருகிறது. அமைச்சர் காருக்கும் விழிதியூர் மைத்துனர் காருக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே சட்டம். உங்கள் கார் யாருடையது என்று தெரிய வேண்டியவர்களுக்கு அது போதும்.

அடுத்த தடவை புதுக் கார் எடுக்கும்போது, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால், “உங்க ஷோரூம் பேரை எடுத்துட்டு வண்டியைக் குடுங்க” என்று சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் கேட்கட்டும்.