ஆசிரியருக்குத் தேர்வு, அரசுக்கு விலக்கா?

2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவரையும் மறுபடி தேர்வு அறையில் உட்கார வைக்கிறது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டே ஆண்டில் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேறியாக வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வுபெறுவோர் தேறாமலே பணியைத் தொடரலாம். பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. நான்கு ஆண்டு மிச்சமிருப்பவருக்குத் தேவைப்படாத தகுதி, ஆறு ஆண்டு மிச்சமிருப்பவருக்கு மட்டும் எப்படிக் கட்டாயமாகிறது?

இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஆயிரத்துக்கு நான்கு பேர்கூட இல்லை! 150 கேள்விகளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. கூச்சல் எழுந்ததும் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே பாடத்திட்டம். தேறியவர்கள் சுமார் 19 ஆயிரமானார்கள். மூன்றே மாதத்தில் அத்தனை பேருக்கும் கற்பிக்கும் திறன் எட்டு மடங்கு வளர்ந்துவிட்டதா? கடிகாரத்தை அளந்துவிட்டு ஆசிரியரை அளந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தகுதியில்லாதவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள மூன்றாம் வகுப்பில் ஒரு வாரம் நின்று பார்த்தவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

சரி, டெட் தேறியவர்களை இந்த நாடு எப்படி நடத்துகிறது? தீர்ப்பு வெளியான இதே டெல்லியின் அரசுப் பள்ளிகளில் போய்ப் பாருங்கள். மத்திய தகுதித் தேர்வான சிடெட்டில் தேறிய கெஸ்ட் டீச்சர்கள் ஆண்டுக்கணக்கில் தினச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறார்கள். வகுப்பெடுத்த நாளுக்குத்தான் காசு. மே மாதம் பள்ளியைப் பூட்டினால் வீட்டு வாடகைக்குக் கடன்தான். நிரந்தர ஆசிரியர் போலவே விடைத்தாள் திருத்துகிறார்கள், பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்கிறார்கள். ஒரு நிரந்தர ஆசிரியர் மாற்றலாகி வந்துவிட்டால் அன்றோடு இவர்கள் இடம் ஆட்டம் காண்கிறது.

2017 அக்டோபரில் இந்த கெஸ்ட் டீச்சர்களில் சுமார் 15 ஆயிரம் பேரை நிரந்தரமாக்க டெல்லி சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. பணியாளர் விவகாரம் பேரவையின் அதிகாரத்தில் வராது என்றது துணைநிலை ஆளுநர் தரப்பு. மசோதா முடங்கியது. 2023 மே 11-ல் அந்த அதிகாரம் டெல்லி அரசுக்கே உரியது என்றது உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு. எட்டே நாளில், மே 19-ல், அவசரச் சட்டம் போட்டு அதைப் பிடுங்கிக்கொண்டது மத்திய அரசு. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் முப்பது ஆசிரியர்களைப் பயிற்சிக்காக ஃபின்லாந்துக்கு அனுப்பலாமா கூடாதா என்று ஆளுநர் மாளிகையும் முதல்வரும் மல்லுக்கட்டினார்கள். ஐந்தாண்டுப் படிப்பின் வாசலிலேயே ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவரை நம்பி வகுப்பறையை ஒப்படைக்கும் நாடு ஃபின்லாந்து.

அதிகாரிகளை யார் ஆள்வது என்பதற்காக எட்டு நாளில் சட்டம் கொண்டுவர முடிந்த அரசுக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ம் பிரிவில் ஒரு விலக்கு வரி சேர்க்க ஒரு கூட்டத்தொடர் தாராளம். பணியில் இருப்போருக்கு டெட் கூடாது. தேறிய கெஸ்ட் டீச்சர்களுக்கு மாதச் சம்பளமும் நிரந்தர ஆணையும் வேண்டும். 2027 செப்டம்பருக்குள் இதைச் செய்யாவிட்டால், அரசுப் பள்ளிகளை மூடுவதுதான் நோக்கம் என்று எடுத்துக்கொள்வோம்.