முதல் பதிவுக்கு 'வாங்க' என்று சொல்வது யார்?

போன மாதம் ஆழ்வார்திருநகரியில் எங்கள் மாலை வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரி மாணவி தன் போனை என்னிடம் நீட்டினாள். அம்பேத்கர் படத்தோடு ஒரு பெரிய தளத்தில் அவள் போட்ட பதிவின் கீழே சாதி வசவுகள் குவிந்ததால், அதை விட்டுவிட்டு மாஸ்டடானில் கணக்கு தொடங்கியிருந்தாள். இரண்டு வாரத்தில் நான்கு பதிவுகள். ஒரு பதில்கூட வரவில்லை.

"வசவு இல்லக்கா. ஆனா ஆளும் இல்ல. கல்யாண வீட்டு வாசல்ல நிக்கேன், வாங்கன்னு சொல்ல ஒருத்தரும் இல்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

'வாங்க' என்ற ஒரு சொல் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது நம் மக்களுக்குப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. அதனால்தான் அவள் சொன்னது எனக்குள் தைத்தது.

தோழர்களே, இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. 2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற பதாகையைக் கையில் பிடித்து நின்ற படம் வெளியானது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நிறுவனம் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கும், பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கும் முடக்கப்பட்டன. ட்விட்டர் சாதி பார்க்கிறது என்ற முழக்கம் நாடு முழுக்க எழுந்தது. 2019 நவம்பரில் ஏராளமான இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கொஞ்ச நாளிலேயே திரும்பிவிட்டார்கள்.

ஏன்? தொழில்நுட்பம் கடினம் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மாஸ்டடானுக்கு ஒரே முதலாளி கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதி. ஆனாலும் மின்னஞ்சல் போல ஒன்றிலிருந்து இன்னொன்றோடு பேசலாம். உங்கள் பதிவை நாலு பேர் முன்னால் தள்ளிவிடும் அல்காரிதம் அங்கே இல்லை. யாரையும் பின்தொடராமல் உள்ளே போனால் முகப்பு காலியாகத்தான் இருக்கும். முன்பே ஆள்பழக்கம் உள்ளவர்கள் அங்கேயும் கூடிக்கொள்வார்கள். அப்படிப் பழக்கம் இல்லாத முதல் தலைமுறை மாணவர் வாசலிலேயே நிற்பார். சாதி என்பதே பரம்பரையாக வரும் ஆள்பழக்கம்தானே!

என் கருத்து இதுதான்: அல்காரிதம் இல்லாத இடத்தில் வரவேற்கும் வேலையை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். அந்த வேலையை நாம் இயக்க வேலையாகக் கருதவில்லை.

நம் முன்னோர் கருதினார்கள். 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அது பேசிவிட்டுப் போன பத்திரிகை அல்ல. வாசகர்கள் கேள்வி அனுப்பினார்கள், பண்டிதர் பதில் எழுதினார். கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்திலும் ரங்கூனிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் தங்கள் போக்கில் இயங்கின, இதழ் வழியாக ஒன்றோடொன்று பேசின. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகும் அந்தத் தொடர்பு முழுதாக அறுந்துவிடவில்லை. பின்னாளில் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' மறுபடி வந்தது. பல மையங்கள், ஒரே உரையாடல்: நமக்கு இது புதிதல்ல.

எனவே ஏற்கெனவே உள்ளே இருக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். மாஸ்டடானில் வெறும் விருப்பக்குறி பதிவை யாரிடமும் கொண்டுபோகாது. மறுபகிர்வுதான் கொண்டுபோகும். புதியவரின் அறிமுகப் பதிவைப் பகிருங்கள். அதைவிட முக்கியம், ஒரு கேள்வி கேளுங்கள். "என்ன படிக்கிறீங்க? என்ன வாசிக்கிறீங்க?" போதும். ஊரையும் தெருவையும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படும் என்று நமக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: விதிகளில் சாதியத்தைப் பெயர் சொல்லித் தடை செய்த சர்வரைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டடான்.சோஷியல் சர்வரின் விதிகளில் அந்தச் சொல் இருக்கிறது. நிர்வாகி யார், புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டா என்று விசாரியுங்கள். விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அங்குள்ள தனிச்செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல, சர்வர் நிர்வாகியால் படிக்க முடியும். களப்பணி ரகசியங்களை அதில் எழுதாதீர்கள். அம்பேத்கர், தமிழ், சாதி ஒழிப்பு போன்ற ஹேஷ்டேக்குகளைப் பின்தொடருங்கள். முப்பது பேரைப் பின்தொடர்ந்துவிட்டு, அவர்களில் மூன்று பேருக்காவது பதில் எழுதுங்கள்.

பெரிய தளங்களை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லட்சம் பேரிடம் செய்தி சேர்க்க அவை இன்னும் தேவை. ஆனால் பார்வையாளர் வேறு, தோழர் வேறு. நாளை கணக்கு முடங்கினால் உங்களைத் தேடி வருபவர்தான் தோழர்.

அன்று மாலையே வட்டத்தில் இருந்த ஆறு பேர் கணக்கு தொடங்கினோம். அவளுடைய முதல் பதிவைத் தேடி ஆளுக்கொரு பதில் எழுதினோம். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் ஏழாவது பதிலை எழுதியிருந்தார்: "வாங்க தோழர்."

ஜெய் பீம்.