யாரையும் எழுப்பாத பந்தி... இந்த சர்ச்சில் ஞாயிறு எப்படி இருக்கும்?

பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்புவதைப் போன்ற அவமானம் வேறில்லை என்பார்கள் நம் ஊரில். அந்த அவமானத்தை சர்ச்சுக்குள் சந்தித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர் என்றோ, திருநர் என்றோ தெரிந்ததும் திருவிருந்து மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் இடம் கொடுக்க அமெரிக்காவில் தொடங்கப்பட்டதுதான் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்.

12 பேரோடு ஆரம்பம்

ட்ராய் பெர்ரி பெந்தெகொஸ்தே போதகராக இருந்தவர். தன்பாலீர்ப்பாளர் என்பதால் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார். 1968 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஹண்டிங்டன் பார்க்கில் இருந்த தன் வீட்டு ஹாலிலேயே ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் 12 பேர். இன்று பல நாடுகளில் இதன் சபைகள் இருக்கின்றன.

உள்ளே நுழைந்தால்...

வாசலில் ஒருவர் கைகொடுத்து வரவேற்பார். பல சபைகளில் சட்டையில் ஒட்டிக்கொள்ள பெயர் ஸ்டிக்கர் தருவார்கள். உங்களை ஆணாகவா, பெண்ணாகவா, வேறு விதமாகவா எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் அதில் எழுதிக்கொள்ளலாம். ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் போனாலும் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. குழந்தைகளோடு வரும் தம்பதிகள், தனியாக வரும் முதியவர்கள் என எல்லோரும் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள்.

பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை... நம் ஊர் சர்ச்சில் வளர்ந்தவர்களுக்கு எல்லாமே பழகிய வரிசைதான். சில வார்த்தைகள் மட்டும் மாறியிருக்கும். கடவுளை ஆணாக மட்டுமே குறிப்பிடாமல், எல்லோருக்கும் பொதுவான சொற்களைப் பயன்படுத்துவார்கள். காணிக்கைத் தட்டு வந்தால் பதற வேண்டாம். புதிதாக வந்தவர் எதுவும் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம்.

திருவிருந்து நேரம்

முதன்முறை வருபவர்களுக்கு நெஞ்சு படபடப்பது இங்கேதான். 'ஞானஸ்நானம் எடுத்தாச்சா, எந்த சபை, உறுப்பினரா?' என்று யாரும் கேட்பதில்லை. அப்பமும் திராட்சையும் வாங்க விரும்பும் எவரும் முன்னே போகலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களை நினைத்து, பல சபைகளில் ஒயினுக்குப் பதில் திராட்சை ஜூஸே தருகிறார்கள். தனியாகவும் போகலாம். துணையோடோ, குடும்பத்தோடோ சேர்ந்தும் போகலாம். கொடுப்பவர் தோளில் கைவைத்து, அவர்களுக்காகச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார். அந்த இடத்தில் அழுதுவிடுபவர்கள் உண்டு. ஏன் என்று யாரும் விசாரிப்பதில்லை.

போக மனமில்லையா? இருக்கையிலேயே இருக்கலாம். அதற்கும் கேள்வி கிடையாது.

கொடுத்த விலை

இந்த ஞாயிறு சும்மா கிடைத்துவிடவில்லை. 1973 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் சர்ச் கட்டடம் தீக்கிரையானது. அதே ஆண்டு ஜூன் 24, ஞாயிறு மாலை, நியூ ஆர்லியன்ஸில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் தீப்பிடித்து 32 பேர் இறந்தார்கள். அந்த நகரத்து மெட்ரோபாலிட்டன் சபையின் போதகர் பில் லார்சனும் அவர்களில் ஒருவர். இறந்தவர்களுக்காக அஞ்சலி ஆராதனை நடத்தக்கூட பல சர்ச்சுகள் இடம் தர மறுத்தன. ஜூலை 1 அன்று செயின்ட் மார்க்ஸ் மெத்தடிஸ்ட் சர்ச் கதவைத் திறந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும்...

பெரும்பாலும் காபியும் பிஸ்கட்டும் இருக்கும். கூச்சமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடலாம். பல பேர் முதல் ஞாயிறு அப்படித்தான் கிளம்புகிறார்கள். இரண்டாவது வாரமோ, மூன்றாவது வாரமோ காபிக்கு நிற்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர், "போன வாரம் உங்களைப் பார்த்தேனே" என்று பேச்சைத் தொடங்குகிறார்.